மருந்துச் சீட்டை எண்ணுபவர் யார்?



அரசு மருத்துவமனை மருந்தகத்தில் பணிக்காலம் முழுவதையும் கழித்த ஒருவரின் நினைவாக நடக்கும் சொற்பொழிவு இது. அவருடைய சன்னலுக்கு நாள்தோறும் வந்து சேர்ந்தவை மருந்துச் சீட்டுகள். அந்தச் சீட்டுகளைப் பற்றியே பேசலாம் என்று முடிவு செய்தேன். நம் மருத்துவர்கள் எவ்வளவு மருந்து எழுதுகிறார்கள்? அதை அளக்க முடியுமா? அளந்தால் அந்தக் கணக்கு யார் கைக்குப் போய்ச் சேர வேண்டும்? முதல் இரண்டு கேள்விகளுக்கு உலகம் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக விடை தேடி, பெருமளவு கண்டும்விட்டது. மூன்றாவது கேள்வியில்தான் நாம் தடுமாறி நிற்கிறோம்.

மாலையில் ஏதாவது ஒரு கிளினிக்கை ஒட்டிய மருந்துக் கடைக்குப் போய் நின்று பாருங்கள். கூட்டம் சற்று ஓய்ந்ததும், தோளில் கனத்த பையோடு ஒருவர் கல்லாவுக்குப் பக்கவாட்டில் வந்து நிற்பார். மருந்து நிறுவனத்தின் ரெப். "அண்ணே, டாக்டர் நம்ம பிராண்ட் எழுதுறாரா? வாரத்துக்கு எத்தனை அட்டை ஓடுது? அந்த இன்னொரு கம்பெனி எவ்வளவு போகுது?" என்று கேட்பார். கடைக்காரர் பில்லைப் புரட்டியோ நினைவிலிருந்தோ ஒரு கணக்குச் சொல்வார். அது அன்று இரவே நிறுவனத்தின் அறிக்கையில் ஏறிவிடும். தொழில் வழக்கில் இதை ஆர்.சி.பி.ஏ. என்கிறார்கள். சில்லறைக் கடையில் நடத்தும் மருந்துச் சீட்டுத் தணிக்கை என்று பொருள். எந்த மருத்துவர் எந்த மருந்தை எழுதுகிறார், எந்த மாதத்தில் கூட்டினார், எப்போது வேறு பிராண்டுக்கு மாறினார் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் இருக்கும். அந்த ரெப்பை நான் குறை சொல்லவில்லை. மாத இலக்கை எட்டாவிட்டால் வேலை போய்விடும் என்ற நெருக்கடியில் வெயிலில் அலைகிற பிள்ளைகள் அவர்கள்.

என் கவலை வேறு. கடந்த மாதம் உங்களிடம் சளி, காய்ச்சல் என்று வந்தவர்களில் எத்தனை பேருக்கு ஆன்டிபயாடிக் எழுதினீர்கள் என்று அதே மருத்துவரைக் கேளுங்கள். அவரால் சொல்ல முடியாது. சீட்டு நோயாளியோடு போய்விட்டது. நோயாளிக்கும் தெரியாது, அரசுக்கும் தெரியாது. அவர் கையெழுத்திட்ட சீட்டுகளின் கணக்கு, அவருக்கு மருந்து விற்க வருபவரிடம் இருக்கிறது, அவரிடம் இல்லை.

அமெரிக்காவில் இது நீதிமன்றம் வரை போன சங்கதி. அங்கே மருந்துக் கடைகள் நோயாளியின் பெயரை நீக்கிவிட்டு, மருத்துவரின் பெயரை வைத்துக்கொண்டு, சீட்டு விவரங்களைத் தகவல் நிறுவனங்களுக்கு விற்கும். அவை மருந்து நிறுவனங்களுக்கு விற்கும். மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் இந்த விவரங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று வெர்மான்ட் மாநிலம் 2007இல் சட்டம் போட்டது. 2011 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பேச்சுரிமைக்கு எதிரானது என்று 6க்கு 3 என்ற பெரும்பான்மையில் அதை ரத்து செய்தது. தீர்ப்பின் சட்ட நுணுக்கங்களுக்குள் நான் போகவில்லை. மருத்துவர் வாரியாக மருந்துச் சீட்டை எண்ணுவது முடியாத காரியம் என்று இனி யாரும் சொல்ல வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொன்னேன். இலாபத்துக்காக எண்ண முடிகிறது என்றால் நோயாளியின் நலனுக்காகவும் எண்ண முடியும்.

பொதுநலனுக்காக எண்ணும் வேலை ஐரோப்பாவில் தொடங்கியது. தாலிடமைட் என்ற மருந்தைக் கருவுற்ற பெண்கள் உட்கொண்டதால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைகால் குறைபாட்டோடு பிறந்தன. 1961 நவம்பரில் ஜெர்மனியில் அந்த மருந்தைத் திரும்பப் பெற்றார்கள். எந்த மருந்தை எத்தனை பேர் உட்கொள்கிறார்கள் என்ற அடிப்படைக் கணக்குகூடக் கையில் இல்லை என்பது அப்போதுதான் அரசுகளுக்கு உறைத்தது. 1966-67இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகத்துக்காக ஸ்வீடனின் ஆர்தர் எங்கல், நெதர்லாந்தின் பீட்டர் சிடேரியஸ் இருவரும் ஆறு நாடுகளில் மருந்துப் பயன்பாட்டைப் பார்வையிட்டார்கள். ஒரே மாதிரியான மக்கள், ஒரே மாதிரியான நோய்கள்; ஆனால் மருந்தின் அளவில் நாட்டுக்கு நாடு பெரும் வேறுபாடு. 1969இல் ஆஸ்லோ நகரில் இதற்கென்றே ஒரு கருத்தரங்கு கூடியது. எந்த அலகால் அளப்பது என்ற சிக்கல் அங்கே முன்னுக்கு வந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ரூபாயால் அளந்தால் என்ன? ஒரே மாத்திரை ஒரு பிராண்டில் இரண்டு ரூபாய், இன்னொன்றில் பத்து ரூபாய் என்றால், செலவு கூடியது மருந்து கூடியதாலா விலை கூடியதாலா என்று தெரியாது. மாத்திரைகளை எண்ணலாமா? ஒரு மருத்துவர் அமாக்ஸிசிலின் 500 மில்லிகிராம், ஒரு நாளைக்கு மூன்று வேளை, ஐந்து நாளைக்கு எழுதுகிறார். பதினைந்து கேப்சூல். அடுத்த அறை மருத்துவர் அசித்ரோமைசின் 500, ஒரு நாளைக்கு ஒன்று, மூன்று நாளைக்கு எழுதுகிறார். மூன்றே மாத்திரை. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் முதலாமவர் ஐந்து மடங்கு மருந்து கொடுத்தவர் போலத் தெரியும்.

நார்வேக்காரர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஒவ்வொரு மருந்துக்கும், அதன் முதன்மையான பயனுக்காக வளர்ந்த ஒருவர் ஒரு நாளைக்கு உட்கொள்ளும் சராசரி அளவு இது என்று ஓர் எண்ணை நிர்ணயித்தார்கள். டி.டி.டி. என்று அதை அழைக்கிறோம். தமிழில் நாளளவு என்று வைத்துக்கொள்வோம். அமாக்ஸிசிலினுக்கு 1.5 கிராம், வாய்வழி அசித்ரோமைசினுக்கு 0.3 கிராம், மெட்பார்மினுக்கு 2 கிராம், அம்லோடிபைனுக்கு 5 மில்லிகிராம். இப்போது அந்த இரண்டு சீட்டுகளையும் கணக்குப் போடுங்கள். பதினைந்து கேப்சூலில் 7.5 கிராம், 1.5ஆல் வகுத்தால் ஐந்து நாளளவு. மூன்று மாத்திரையில் 1.5 கிராம், 0.3ஆல் வகுத்தால் அதுவும் ஐந்து நாளளவு. இரண்டு மருத்துவர்களும் எழுதிய அளவு ஒன்றுதான். 1982இல் ஆஸ்லோவில் இதற்கென உலக சுகாதார நிறுவனத்தின் ஒத்துழைப்பு மையம் உருவானது. 1996இல் உலகம் முழுவதற்குமான முறையாக இதை ஏற்றுக்கொண்டார்கள்.

மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நாளளவு என்பது அளக்கும் அலகு மட்டுமே. அதை மருந்து கொடுக்கும் அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. குழந்தைகளுக்கு இது பொருந்தாது, சிறுநீரகம் பழுதானவருக்கும் பொருந்தாது. அலகே சில சமயம் மாறும். அமாக்ஸிசிலினின் நாளளவு 2019 சனவரிக்கு முன்பு 1 கிராமாக இருந்தது. முன்பு சொன்ன அதே பதினைந்து கேப்சூல் 2018 திசம்பரில் ஏழரை நாளளவு. 2019 சனவரியில் ஐந்து. ஒரு கேப்சூல்கூடக் குறையாமல், தாளில் மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. பழைய ஆண்டுகளையும் புதிய அலகால் திருப்பிக் கணக்கிடாமல் வரைபடம் போட்டால், நடக்காத சாதனையைக் கொண்டாட நேரிடும். ஆய்வேடு எழுதுபவர்கள் எந்த ஆண்டின் அலகு என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

இந்த அலகால் இந்தியாவை அளந்திருக்கிறார்கள். தனியார் துறை மருந்து விற்பனைத் தரவைக் கொண்டு 2022இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, 2019இல் நம் நாட்டில் விற்ற ஆன்டிபயாடிக்குகள் சுமார் 507 கோடி நாளளவு என்று கணக்கிட்டது. ஆயிரம் பேருக்கு ஒரு நாளைக்கு 10.4. பல ஐரோப்பிய நாடுகளைவிட இது குறைவு! இந்த ஓர் எண்ணோடு நிறுத்தினால் நாம் நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் எந்த ஆன்டிபயாடிக் என்று பிரித்துப் பார்த்தால் தூக்கம் போய்விடும். முதலிடத்தில் அசித்ரோமைசின் 500, அடுத்து செபிக்ஸிம் 200. எதிர்ப்பாற்றல் எளிதில் உருவாகக்கூடியவை, கவனித்துப் பயன்படுத்த வேண்டியவை என்று உலக சுகாதார நிறுவனம் தனிப் பிரிவில் வைத்திருக்கும் மருந்துகள்தாம் நம் விற்பனையில் பாதிக்கு மேல். முதல் தேர்வாக இருக்க வேண்டிய எளிய மருந்துகள் ஏறத்தாழக் கால் பங்குதான். அளவு குறைவு, தேர்வு தவறு. மொத்த எண் இதைக் காட்டிக் கொடுக்காது.

இன்னொரு குறையும் உண்டு. இது விற்பனைக் கணக்கு. மருத்துவர் எழுதிய கணக்கு என்று சொல்ல முடியாது. பழைய அட்டையைக் காட்டி "இதே மாத்திரை ரெண்டு நாளைக்குக் குடுங்க" என்று கேட்பவரும், காய்ச்சலென்று சொல்லி ஒரு செட்டு மாத்திரை வாங்கிப் போகிறவரும் நம் ஊரில் எத்தனை பேர்! கிளினிக்கிலேயே கவரில் போட்டுக் கொடுக்கும் மாத்திரைக்குச் சீட்டே கிடையாது. ஆகவே மருத்துவரின் எழுத்தை அறிய வேண்டுமானால் சீட்டைத்தான் எடுத்துப் படிக்க வேண்டும்.

அதற்கும் முறை இருக்கிறது. 1993இல் உலக சுகாதார நிறுவனம் ஒரு கையேடு வெளியிட்டது. இருபது மருத்துவ நிலையங்கள், ஒவ்வொன்றிலும் முப்பது நோயாளிகள், ஆக 600 சீட்டுகள். ஒரு சீட்டில் சராசரியாக எத்தனை மருந்து? பொதுப் பெயரில் எழுதியவை எத்தனை? ஆன்டிபயாடிக் எத்தனை பேருக்கு, ஊசி எத்தனை பேருக்கு? அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவை எத்தனை? கணினி வேண்டாம், பெருஞ்செலவு வேண்டாம். ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

நம் ஊரில் அன்றாடம் காணும் சீட்டு ஒன்றை மனத்தில் விரித்துப் பாருங்கள். முப்பது வயதுக்காரர், இரண்டு நாளாக மூக்கொழுகல், இருமல், இலேசான காய்ச்சல். சீட்டில் அசித்ரோமைசின், பாராசிட்டமால், மான்டிலுகாஸ்ட் கலந்த சளி மாத்திரை, இருமல் சிரப், ஒரு சத்து மாத்திரை, கடைசியில் 'கேஸ்' வராமல் இருக்க பான்டப்ரசோல். ஆறு மருந்து. இவருக்கு வேண்டியது பாராசிட்டமாலும் ஓய்வும்தான். மற்றவற்றில் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்வார்கள். சேர்த்துப் பார்த்தால் எதற்கும் காரணம் இல்லை. வயிற்றைக் காக்கவென்று எழுதும் அந்தக் கடைசி மாத்திரை சாதாரணமாகத் தோன்றும். ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 2019-20இல் 13 பெரிய மருத்துவமனைகளில் 4,838 சீட்டுகளை வாங்கிப் படித்தபோது, சுமார் 45 விழுக்காடு சீட்டுகள் வழிகாட்டு நெறிகளிலிருந்து விலகியிருந்தன. ஏறக்குறையப் பத்தில் ஒன்று ஏற்கவே முடியாத விலகல். அத்தகைய சீட்டுகளில் திரும்பத் திரும்பத் தென்பட்ட பெயர் பான்டப்ரசோல். பயிற்சி பெற்ற வல்லுநர்கள் இருக்கும் மருத்துவமனைகளின் நிலை இது.

தமிழ்நாட்டுக்கு வருகிறேன். மருந்தைக் கணக்கிடுவதில் நாம் பின்தங்கியவர்கள் இல்லை. 1994இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அதற்குப் பிறகு பல மாநிலங்கள் பார்த்துக் கற்றுக்கொண்ட ஏற்பாடு. மாவட்டக் கிடங்குகள், ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக், அந்த ஆண்டுக்கு ஒதுக்கிய தொகை, எடுத்த மருந்து, மீதி எல்லாம் அதில் பதிவாகும். பொதுப் பெயரில் வாங்கி, 'விற்பனைக்கு அல்ல' என்று அச்சிட்ட அட்டையில் கொடுக்கிறோம். எந்தக் கிடங்கிலிருந்து எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எத்தனை மெட்பார்மின் போனது என்று அவர்களால் சொல்ல முடியும். அந்த மாத்திரை யாருக்கு, எந்த நோய்க்கு, யார் எழுதிப் போனது என்பதைக் கிடங்குக் கணக்கு சொல்லாது. அந்த ஓர் அடியை நாம் இன்னும் எடுத்து வைக்க வேண்டும்.

தனியார் பக்கத்திலும் ஒரு கணக்கு உறங்குகிறது. மத்திய அரசு 2013இல் அறிவித்து 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த எச்1 அட்டவணையில் 46 மருந்துகள் இடம்பெற்றன. உயர்நிலை ஆன்டிபயாடிக்குகள், காசநோய் மருந்துகள், மனநோய் மருந்துகள் சில. இவற்றை விற்கும்போது எழுதிய மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாவற்றையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். ஆக, சட்டப்படி இந்தத் தரவு ஒவ்வொரு தெருமுனைக் கடையிலும் இருந்தாக வேண்டும். ஆய்வாளர் வந்து கேட்டால் காட்டுவதோடு அதன் வேலை முடிகிறது. மாதம் ஒருமுறை கூட்டி, எழுதிய மருத்துவருக்கே அனுப்பும் ஏற்பாடு எதுவும் விதியில் இல்லை. ரெப் வந்து கேட்டு எழுதிக்கொண்டு போவதற்கும், இந்தப் பதிவேடு கடை மூலையில் கிடப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நினைத்தால் எனக்கு மனம் ஆறவில்லை.

அனுப்பினால் பயன் உண்டா என்று கேட்பீர்கள். இங்கிலாந்தில் 2014இல், ஆன்டிபயாடிக் மிகுதியாக எழுதும் ஐந்தில் ஒரு பங்கு மருத்துவ நிலையங்களைக் கண்டறிந்து, அவற்றில் பாதிக்கு நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரி பெயரில் ஒரு கடிதம் அனுப்பினார்கள். உங்கள் பகுதியில் உள்ள நிலையங்களில் 80 விழுக்காடு உங்களைவிடக் குறைவாக எழுதுகின்றன என்பதுதான் செய்தி. கூடவே என்ன செய்யலாம் என்று இரண்டு மூன்று யோசனை. தண்டனை இல்லை, மிரட்டல் இல்லை. ஆறே மாதத்தில் சுமார் 73,000 ஆன்டிபயாடிக் சீட்டுகள் குறைந்தன என்று மதிப்பிட்டார்கள். விழுக்காட்டில் சிறியது, 3.3தான்; ஆனால் செலவு ஒரு கடிதம். ஸ்விட்சர்லாந்தில் 2,900 மருத்துவர்களைக் கொண்டு இரண்டாண்டு நடந்த ஆய்வில், காலாண்டுக்கு ஒருமுறை அவரவர் கணக்கை அனுப்பியும் ஒட்டுமொத்தமாகக் குறையவில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்த பின் என் முடிவு இது: எண் மட்டும் கையை மாற்றாது. அந்த எண்ணோடு ஒரு மனிதர் எதிரே உட்கார்ந்து பேச வேண்டும். சக மருத்துவராக, மருந்தாளுநராக, தலைமை மருத்துவராக.

எண்ணுவதை அதிகாரத்தின் சாட்டையாக மாற்றிவிடக் கூடாது என்பதையும் அழுத்திச் சொல்கிறேன். குறைவாக எழுதுபவர் நல்லவர் என்று பொருள் இல்லை. 2020இல் நம் மாநிலத்தில் நடந்த கணக்கெடுப்பில், இரத்த அழுத்தம் உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தவர்கள் பத்து விழுக்காட்டுக்கும் குறைவு. அங்கே தேவை கூடுதல் மருந்து. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வீட்டு வாசலுக்கு அம்லோடிபைன் கொண்டுபோனது என்றால், நாளளவுக் கணக்கு ஏறத்தான் வேண்டும். ஏறினால் மகிழ வேண்டும். முதியவர்கள் மிகுந்த ஊரில் வேலை செய்யும் மருத்துவரின் கணக்கை, இளையோர் மிகுந்த ஊரின் கணக்கோடு அப்படியே ஒப்பிட்டால் அது அநியாயம். இங்கிலாந்தில் வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ப நோயாளிகளுக்கு எடை கொடுத்து ஒப்பிடும் முறையை 1993லேயே வகுத்துவிட்டார்கள். வரிசை வாசல்வரை நிற்கும் ஓ.பி.யில் ஒரு நோயாளிக்கு இரண்டு நிமிடம்கூடக் கிடைக்காத மருத்துவரின் சீட்டைப் படிக்கும்போது, அந்த இரண்டு நிமிடத்தையும் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும்.

அரசுக்கு என் வேண்டுகோள் ஒன்று. மருத்துவப் பணிகள் கழகத்தின் கிடங்குக் கணக்கை, மாவட்டம் வாரியாக, ஆயிரம் பேருக்கு ஒரு நாளைக்கு எத்தனை நாளளவு என்ற அலகில் ஆண்டுதோறும் வெளியிடுங்கள். தரவு உங்களிடம் இருக்கிறது. வகுத்துப் போட்டால் போதும்.

மாணவர்களே, உங்கள் மருந்தியல் பாடத்திட்டத்தில் மருந்துச் சீட்டுத் தணிக்கை என்பது கட்டாயத் திறன். ரெக்கார்டு நோட்டில் அச்சிட்ட மாதிரிச் சீட்டை ஒட்டி, பிழை திருத்தி, கையெழுத்து வாங்கி மூடி வைக்காதீர்கள். ஆசிரியரின் அனுமதியோடு, நோயாளியின் பெயரை மறைத்துவிட்டு, உங்கள் மருத்துவமனை ஓ.பி.யிலிருந்தே முப்பது சீட்டுகளை எடுங்கள். மருந்தாளுநரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எண்ணுங்கள். எண்ணிய தாளை அலமாரியில் வைக்காமல், அந்தச் சீட்டுகளை எழுதிய மருத்துவரிடம் மரியாதையோடு கொண்டுபோய்க் கொடுங்கள். ஆறு மாதம் கழித்து அதே அறையில் மறுபடி முப்பது சீட்டு எடுங்கள். மருத்துவர்களே, அந்தப் பிள்ளைகள் தாளோடு வந்து நின்றால் உட்காரச் சொல்லி, வாங்கிப் படியுங்கள்.